பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்: ஜெர்மனிக்குத் தனியாக வரும் பிள்ளைகள்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஆப்கானிஸ்தான் பெடியன் ஒருவன் ஏழு மாதத்துக்கு முன் தனியாக ஜெர்மனிக்கு வந்தவன். வயது 16. தகப்பன் இல்லை. தாயும் சின்னத் தம்பியும் தங்கையும் ஈரானில் இருக்கிறார்கள். பள்ளி முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். 18 வயதானதும் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி இரவில் நித்திரை கொள்வதில்லை. அவன் நிலைமை என்ன, உங்களால் சட்டப்படி ஏதும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டு வருடமாக நான் இப்படி வந்த பிள்ளைகளுக்குத் தன்னார்வப் பாதுகாவலராக இருக்கிறேன். இதுவரை ஐந்து பேர். சட்டத்தரணி அல்ல. வழக்கு என்று வந்தால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

அவன் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். பெற்றோர் கூட இல்லாத, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நாடுகடத்த வேண்டுமென்றால், அங்கே குடும்பத்தவர் ஒருவரிடமோ, பொறுப்பேற்க உரிமையுள்ளவரிடமோ, தகுந்த காப்பகத்திலோ அவன் ஒப்படைக்கப்படுவான் என்பதை ஜெர்மன் அதிகாரிகள் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். வதிவிடச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இதை உறுதிசெய்வது சுலபமில்லை, அதனால் இந்த வயதில் அப்படி அனுப்புவது மிக அரிது. 2024 ஆகஸ்டில் 28 பேரையும் 2025 ஜூலையில் 81 பேரையும் ஏற்றிக்கொண்டு காபூலுக்குப் போன விமானங்களை அவன் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பான். அவற்றில் போனவர்கள் குற்றச் செயல்களில் சம்பந்தப்பட்ட வளர்ந்த ஆண்கள். இதை அவனுக்கு நிதானமாக உட்கார்த்திச் சொல்லுங்கள்.

18 வயது முடிந்த மறுநாள் யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் 18க்குள் செய்திருக்க வேண்டிய சில காரியங்களைச் செய்யாமல் விட்டால், அன்றோடு சில உரிமைகள் கைவிட்டுப் போகும். அந்தக் காரியங்களைச் செய்விக்கிற ஒருவர் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் உண்மையான கேள்வி. மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றும் சொல்ல வேண்டும். 1985 தொடக்கத்தில் நான் இலங்கையிலிருந்து வந்தபோது எனக்கு 17 வயது. கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்தேன். அந்தப் பாதையால் எங்கள் பெடியன்கள் நிறையப் பேர் வந்தார்கள். அப்போது 16 வயதைத் தாண்டியவனை அகதி விசாரணையில் வளர்ந்தவனாகவே நடத்துவார்கள். பாதுகாவலர் என்று எனக்கு யாரும் இருக்கவில்லை. முப்பது நாற்பது வயது ஆண்கள் ஆறு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். விசாரணைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்தேன்.

அந்த நிலைமை மாற இருபது முப்பது வருடம் எடுத்தது. ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையை ஜெர்மனி 1992இல் ஏற்றபோதே, வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் வதிவிடச் சட்டம்தான் முதன்மை என்று ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. அதை 2010இல்தான் திரும்பப் பெற்றது. தனியாக வரும் வெளிநாட்டுப் பிள்ளையை யூகெண்ட்அம்ட், அதாவது இளையோர் நல அலுவலகம், கட்டாயம் பொறுப்பேற்க வேண்டும் என்று 2005இல் சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள். அகதி விசாரணையில் 16 என்றிருந்த வயது 18 ஆனது 2015 கடைசியில்தான். ஆக, உங்கள் மகனின் கூட்டாளி இன்று முதலில் ஒரு பிள்ளை, அதன் பிறகுதான் அகதி. அவனைப் பெரிய முகாமில் போடாமல் பராமரிப்பாளர்கள் உள்ள குழு இல்லத்தில் வைத்திருப்பது இதனால்தான். ஜெர்மன் பிள்ளை ஒன்று வீட்டை விட்டு எடுக்கப்பட்டால் எந்தச் சட்டம் பொருந்துமோ அதே சட்டம்தான் அவனுக்கும். மருத்துவமும் அப்படியே. வளர்ந்த அகதிகளுக்கு உள்ள குறைந்தபட்ச மருத்துவம் அல்ல, முழு மருத்துவம். மனநல சிகிச்சையும் அதில் அடங்கும்.

சரி, இந்த ஏழு மாதத்தில் அவனுக்கு என்ன நடந்திருக்கும்? வந்து இறங்கிய ஊரின் யூகெண்ட்அம்ட் அவனைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருக்கும். ஏழு வேலைநாளுக்குள் அவனை வேறு மாநிலத்துக்கு அனுப்பலாமா என்று பார்க்க வேண்டும். உடல்நிலை சரியில்லை என்றாலோ, பக்கத்தில் சொந்தக்காரர் இருந்து சீக்கிரம் சேர்த்துவைக்க முடியும் என்றாலோ அனுப்பக் கூடாது. கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கவும் கூடாது. ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அதன் பிறகு அனுப்ப முடியாது. இந்தப் பங்கீடு 2015 நவம்பரிலிருந்து நடக்கிறது. வரி வருமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும் மக்கள்தொகைக்கு ஒரு பங்கும் எடை கொடுத்து, எந்த மாநிலம் எத்தனை பேரை ஏற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது எதுவும் விளங்காது. ஹம்பேர்க்கில் மாமா இருக்கிறார் என்பதை முதல் நாள் பேச்சில் சொல்லாமல் விட்ட பிள்ளை பவேரியாவில் ஒரு கிராமத்தில் போய் இருக்கும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அதே நேரத்தில்தான் வயதும் பார்ப்பார்கள். அடையாளத் தாள் இருந்தால் அதுதான் முதல் ஆதாரம். ஆப்கானிஸ்தானின் தஸ்கிரா என்கிற பழைய அடையாளத் தாளில் பிறந்த தேதி இருக்காது. இன்ன வருடத்தில் இத்தனை வயது என்று மட்டும் எழுதியிருக்கும். தாள் இல்லாவிட்டால் இரண்டு அலுவலர்கள் உட்கார்ந்து பேசி, தோற்றத்தையும் கதையையும் பார்த்து ஒரு முடிவுக்கு வருவார்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் மருத்துவப் பரிசோதனை: மணிக்கட்டு, பல், கழுத்தெலும்பு. இதற்கு அவனுடைய சம்மதமும் அவன் சார்பில் நிற்பவரின் சம்மதமும் வேண்டும். எலும்பைப் பார்த்துப் பிறந்தநாளைச் சொல்லக்கூடிய மருத்துவம் உலகில் இல்லை. ஒரு வீச்சைத்தான் சொல்வார்கள். வளர்ந்தவன் என்று முடிவு வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் அந்த முடிவு உடனே அமலுக்கு வந்துவிடும். பிள்ளை அன்றே முகாமுக்குப் போக வேண்டியிருக்கும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற இடம் இதுதான். முடிவு தவறாக இருந்தால், வழக்கு வெல்லும் வரைக்குமான மாதங்களை அந்தப் பிள்ளை வளர்ந்த ஆண்கள் நடுவில் கழிக்க வேண்டும்.

தேதி தெரியாதவர்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி 1 என்று பதிந்துவிடுவார்கள். என்னுடைய பிள்ளைகள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு அதே பிறந்தநாள். ஊரே வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்த இரவில் ஒருவன் எனக்குத் தொலைபேசி எடுத்து, “நாளைக்கு நான் எங்கே படுப்பது?” என்று கேட்டான். அவனுக்கு அன்று இரவு 18.

உங்கள் பெடியன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். 16 என்று ஏற்றுக்கொண்டார்கள், இந்த ஊருக்கு வந்துவிட்டான். இப்போது அவனுக்கு முக்கியமானவர் ஃபோர்முண்ட் என்கிற பாதுகாவலர்தான். பெற்றோர் இல்லாத இடத்தில் குடும்ப நீதிமன்றம் நியமிக்கிற ஆள் அவர். பெற்றோர் வைக்கிற கையெழுத்தையெல்லாம் அவர் வைப்பார். பள்ளி, அறுவைச் சிகிச்சை, வங்கிக் கணக்கு, தஞ்சக் கோரிக்கை எல்லாவற்றிலும் அவர் கை இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாக அகதி விண்ணப்பம் கொடுக்கவே முடியாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு யூகெண்ட்அம்ட் அலுவலர் ஒருவர்தான் பாதுகாவலர். ஓர் அலுவலருக்கு 50 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மாதம் ஒருமுறையாவது பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்பதும் விதி. இந்த விதிகள் வந்த கதை துயரமானது. 2006இல் பிரேமன் நகரில் அரசின் பாதுகாவலில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று செத்துக் கிடந்தது. அந்தக் குழந்தைக்குப் பொறுப்பான அலுவலரின் கையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் கணக்கு வைத்தார்கள். 50 என்பதும் அதிகம்தான். 2024இல் நிறைவேறிய புதிய ஐரோப்பிய தஞ்ச நடைமுறைச் சட்டம் சாதாரண காலத்தில் ஒருவருக்கு 30 பிள்ளைகள் என்கிறது. 15 வேலைநாளுக்குள் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2026 ஜூன் அதன் நடைமுறைத் தேதி.

அலுவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2016இல் இப்படிப் பொறுப்பேற்ற பிள்ளைகள் சுமார் 45,000. 2019இல் அது 8,600 அளவுக்கு இறங்கியது. இல்லங்களை மூடினார்கள், பழக்கப்பட்ட பராமரிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023இல் மறுபடி 39,000ஐத் தாண்டியது. அனுபவம் உள்ளவர்கள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து வருடத்தில் இரண்டு தரம் கட்டி ஒருதரம் உடைத்தால் யாரால் நன்றாகச் செய்ய முடியும்?

ஆகவே நீங்கள் கேட்ட முதல் விஷயத்துக்கு வருகிறேன். தன்னார்வப் பாதுகாவலராக நீங்கள் வர முடியும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாவலர் சட்டத்தின்படி, பொருத்தமான தன்னார்வலர் கிடைத்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. போலீஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள், யூகெண்ட்அம்ட் உங்களோடு பேசும், பல ஊர்களில் சில மாலைநேரப் பயிற்சி வகுப்பும் உண்டு. கடைசியில் நீதிமன்றம் பிள்ளையிடமே விருப்பத்தைக் கேட்கும். ஆண்டுக்குச் சில நூறு ஈரோ செலவுத்தொகை கிடைக்கும். உங்கள் பணத்தில் அவனைப் பராமரிக்க வேண்டியதில்லை, அவன் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் வைத்திருக்க விருப்பம் என்றால் அது வளர்ப்புக் குடும்பம் என்ற வேறு வழி. வீடு பார்ப்பார்கள், குடும்பத்தில் எல்லோரிடமும் பேசுவார்கள், மாதாந்தப் பணமும் தருவார்கள். என் அபிப்பிராயம், முதலில் பாதுகாவலராக வாருங்கள். சோறு போடுகிற அம்மாவாக ஏற்கெனவே இருக்கிறீர்கள். அவனுக்கு இப்போது இல்லாமல் இருப்பது அலுவலகத்தில் போய்க் குரல் கொடுக்கிற ஆள்.

பாதுகாவலர் செய்ய வேண்டிய பெரிய முடிவு, தஞ்சக் கோரிக்கை வைப்பதா இல்லையா என்பது. எல்லாப் பிள்ளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பம் போடக் கூடாது. பாதுகாப்புக் கிடைக்கும் வாய்ப்பே இல்லாத நாட்டுப் பிள்ளைக்கு, நிராகரிப்பு வந்தால் வேறு சில வதிவிட வழிகளும் அடைபடலாம். அந்தப் பிள்ளை டுல்டுங் என்கிற தற்காலிகத் தாளோடு ஒழுங்காகப் படித்து, மூன்று வருடத்துக்குப் பிறகு வதிவிடச் சட்டத்தின் 25அ பிரிவில் அனுமதி கேட்பது நல்ல வழியாக இருக்கலாம். ஆப்கானிஸ்தான் பிள்ளைக்கு அப்படியில்லை. சொல்லக் காரணம் இருக்கிற பிள்ளைக்கு விண்ணப்பத்தை உடனே கொடுக்க வேண்டும் என்று, பொறுப்பேற்ற யூகெண்ட்அம்ட்டுக்குச் சட்டமே கடமை வைக்கிறது.

விண்ணப்பத்தை எழுத்தில் அனுப்பலாம். பிறகு பாம்ஃப் என்று சுருக்கிச் சொல்லும் அகதிகள் அலுவலகம் விசாரணைக்குக் கூப்பிடும். தனியாக வந்த பிள்ளைகளை விசாரிக்க அங்கே தனிப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. பாதுகாவலர் கூட இருப்பார். இந்த விசாரணைக்குத் தயார்ப்படுத்துவதுதான் முழு வேலையிலும் பாரமான வேலை. நான் முதலில் பொறுப்பேற்ற பிள்ளை எரித்திரியாக்காரன். சூடான், லிபியா, கடல் என்று வழியை மட்டும் ஒரு மணித்தியாலம் சொன்னான். ஏன் புறப்பட்டாய் என்றால், “வேலை இல்லை” என்றான். நாலாவது சந்திப்பில்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணனைச் சுற்றிவளைப்பில் பிடித்துப் போனதையும், தன்னை ஒளித்து வைத்ததையும் சொன்னான். அந்த நாட்டில் 12ஆம் வகுப்பை சாவா என்ற இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும், அதற்குப் பிறகு எப்போது முடியும் என்று தெரியாத தேசிய சேவை. இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “அது எல்லோருக்கும் நடக்கிறதுதானே” என்றான்.

நானும் 1985இல் அப்படித்தான். சுற்றிவளைப்பில் பிடித்து இரண்டு நாள் முழங்காலில் வைத்திருந்ததை நான் விசாரணையில் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் எல்லாப் பெடியனுக்கும் நடந்தது, அதை ஒரு காரணமாகச் சொல்வதா என்று நினைத்தேன். பிள்ளைகள் பொய் சொல்வதால் கெடுகிற வழக்கை விட, உண்மையைச் சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுவதால் கெடுகிற வழக்குத்தான் அதிகம் என்பது என் அனுபவம். உங்கள் பெடியன் சும்மா பேசும்போது தகப்பன் என்ன வேலை செய்தார், எப்படி இறந்தார், யாராவது வீட்டுக்கு வந்து மிரட்டினார்களா என்பதெல்லாம் தானாக வரும். நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், இதை உன் சட்டத்தரணியிடம் சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், மொழிபெயர்ப்பாளர். டாரி பேசுகிறவனுக்குப் பாஷ்டோ மொழிபெயர்ப்பாளர் வந்தாலோ, இருப்பவர் முன்னால் பேசப் பயமாக இருந்தாலோ, அப்போதே அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் எடுபடாது.

தீர்ப்பில் என்ன வகைப் பாதுகாப்பு என்பதைப் பொறுத்துத்தான் தாயின் கதை இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைப்படி அகதி என்று ஏற்றால், பெற்றோரைக் கூப்பிட அவனுக்கு உரிமை உண்டு. வீடு இருக்கிறதா, வருமானம் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. விண்ணப்பம் கொடுத்தபோது 18க்குக் குறைவாக இருந்தவன், இடையில் 18 ஆனாலும் அந்த உரிமையை இழக்க மாட்டான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு வழக்கில் சொன்னது. ஜெர்மனி அதைத் தன் வழக்குகளில் ஏற்காமல் இழுத்தடித்தது. 2022 ஆகஸ்டில் ஜெர்மனியை நேரடியாகக் குறித்தே அந்த நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது. ஆனால் தஞ்ச முடிவு வருவதற்குள் 18 ஆகிவிட்டால், தஞ்சம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தாயின் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இதைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துணைப் பாதுகாப்பு என்ற இரண்டாவது வகை கிடைத்தால் நிலைமை வேறு. 2018 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 பேர் என்ற எல்லைக்குள் குடும்பத்தைக் கூப்பிட இடம் இருந்தது. 2025 ஜூலையிலிருந்து அதையும் இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள், மிகக் கடினமான தனி நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு. மூன்றாவது வகை, நாடுகடத்தல் தடை மட்டும். அதோடு தாயைக் கூப்பிடுவது மிகக் கஷ்டம். ஆகவே குறைந்த வகைப் பாதுகாப்பு வந்தால், “கிடைத்ததே போதும்” என்று இருந்துவிடாமல் மேல்வகைக்கு வழக்குப் போடலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரம்தான் தவணை.

தம்பி தங்கையைப் பற்றி அவன் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் பல தடவை தொண்டை அடைத்திருக்கிறது. பிள்ளைக்குப் பெற்றோரைக் கூப்பிட உரிமை உண்டு, கூடப்பிறந்தவர்களுக்கு அந்த உரிமையில் நேரடி இடம் இல்லை. தாய்க்கு விசா கிடைக்கும்போது அவருடைய பிள்ளைகளாக அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வீடும் வருமானமும் கேட்பார்கள். ஒரு பிள்ளைக்காக மற்ற இரண்டு பிள்ளைகளை விட்டு வா என்று ஒரு விதவைத் தாயிடம் சொல்வது மனிதத்தன்மையே இல்லாத விதி. 2024 ஜனவரியில், முழுக்கப் பெற்றோரின் கவனிப்பில் வாழும் கடுமையான உடல்நலக் குறைவுள்ள வயதுவந்த சகோதரி ஒருவருக்கும் விசா கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ஓர் ஆஸ்திரிய வழக்கில் சொன்னது. அதற்கு மேல் வழி இன்னும் திறக்கவில்லை. எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகக் கொடுத்து, நல்ல சட்டத்தரணியோடு போராடுவதுதான் வழி.

இனி அந்த 18. தஞ்சத் தீர்ப்பு அன்றைக்கு மாறாது. மாறுவது வீடும் ஆளும். பாதுகாவலரின் பொறுப்பு முடிந்துவிடும். ஒன்றும் செய்யாவிட்டால் குழு இல்லத்திலிருந்து பொது அகதி விடுதிக்கு அனுப்பலாம். இதைத் தடுக்க வழி இருக்கிறது: இளம் வயதுவந்தோருக்கான உதவி என்று சமூகச் சட்டத்தின் எட்டாம் நூலில் 41ஆம் பிரிவு. பொதுவாக 21 வயது வரை இல்லத்திலோ, ஒரு பராமரிப்பாளர் வந்து பார்த்துப் போகும் சின்ன வீட்டிலோ இருக்கலாம். தேவை இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021 ஜூனில் அதை வலுப்படுத்தினார்கள். 18க்குப் பல மாதம் முன்பே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், ஏன் இன்னும் உதவி வேண்டும் என்பதை அவன் வாயாலேயே சொல்லப் பழக்க வேண்டும். “நான் நல்லாத்தான் இருக்கிறேன்” என்று மரியாதைக்காகச் சொன்ன பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று எழுதிவிட்ட கோப்பு ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு இல்லத்தில் இருந்துகொண்டு பயிற்சிச் சம்பளம் எடுக்கிற பிள்ளை அதில் 75 வீதத்தை யூகெண்ட்அம்ட்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது. 2021இல் 25 வீதமானது, 2023 தொடக்கத்தில் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள். இப்போது முழுச் சம்பளமும் அவனுக்கே. இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஈரானில் தாய்க்கு ஐம்பது ஈரோ அனுப்ப வேண்டும் என்பதுதான் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிற கணக்கு.

இன்று பின்னேரம் அவன் வந்தால் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். உன் பாதுகாவலரின் பெயர் தெரியுமா, கடைசியாக எப்போது பார்த்தாய்? பாம்ஃப்புக்கு விண்ணப்பம் போய்விட்டதா? விசாரணைக்குத் தேதி வந்திருக்கிறதா? தெரியாது என்பான். இல்லத்தில் அவனுடைய பராமரிப்பாளரிடம் ஒரு கோப்பு இருக்கும், அவனுடைய சம்மதத்தோடு அவரிடம் கேட்கலாம். விண்ணப்பம் போகவில்லை என்றால் நாளைக் காலையே பாதுகாவலருக்கு எழுதுங்கள். விசாரணைத் தேதி வந்துவிட்டது என்றால் அந்தத் தேதியை எனக்கு உடனே எழுதுங்கள், அதற்கு முன் அவனோடு நாலு தரமாவது உட்கார வேண்டும்.